எத்தனை மூடி?

எரிந்தால்தான் மருந்து என்று ஐம்பது வயதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வேறு யாராவது சொல்வதைவிட நானே சொல்லிக்கொள்வது கொஞ்சம் கௌரவம். புண்ணில் ஊற்றுகிற மருந்து எரிந்தால் கிருமி சாகிறது, எரியாவிட்டால் கிருமி சிரிக்கிறது. எவ்வளவு எரிச்சலோ அவ்வளவு குணம். இந்த ஞானத்தோடு நான் டாக்டராகாமல் போனது தஞ்சாவூர் ஜில்லா செய்த புண்ணியம்.

வெட்கக்கேடு என்னவென்றால் என் தொழிலே மருந்து விற்பதுதான். மனிதருக்கில்லை, பயிருக்கு. ஒரத்தநாடு போகும் சாலையில் உரக்கடை. தெளிக்கிற டேங்குக்கு ரெண்டு மூடி, அதற்கு மேல் போகாதீங்க என்று அப்போதே இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லிச் சொல்லி வாய் தேய்ந்தவன். கருகிப்போன நாற்றைப் பிடுங்கிக்கொண்டு வந்து, உங்க மருந்துதான் பயிரைக் கெடுத்தது என்று கவுண்டரில் போடுகிறவரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை மூடி?"

நீங்க சொன்ன ரெண்டுதான் என்பார். நான் பேசாமல் பார்ப்பேன். கைதவறி ஒன்று கூட விழுந்திருக்கலாம் என்பார். இன்னும் பார்ப்பேன். ஐந்தில் வந்து நிற்கும். பக்கத்து வயல்காரரைக் கூப்பிட்டுக் கேட்டால் ஏழு. இப்படி எத்தனை பேரைக் கடையில் வைத்துக் கிண்டலடித்திருக்கிறேன் என்று கணக்கே இல்லை.

அந்த இருபத்திரண்டு வருஷமும் நின்றுகொண்டே வியாபாரம் செய்ததில் இடது கால் நரம்பு சுருண்டுகொண்டது. முழங்காலுக்குக் கீழே, கல்லணை தாண்டி ஆறு பிரிகிற படம்போல நீலநீலமாய்ப் புடைத்து நின்றது. மாலையானால் கால் கனக்கும். சித்திரை மாசம், வாய்க்காலெல்லாம் வறண்டு கிடக்கும், கடையில் ஆள் இருக்காது. மேட்டூர் திறந்து குறுவை ஆரம்பிப்பதற்குள் அறுத்துவிடுவோம் என்று தஞ்சாவூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தேன். ஏழு வருஷம் ஆகிறது. அங்கேதான் அந்தம்மாவைப் பார்த்தேன்.

கட்டுக் கட்டுகிற அறை அவருடையது. எல்லோரும் சிஸ்டர் என்றார்கள், நானும் சிஸ்டர் என்றேன். பெயர் எழுதிய பட்டை சட்டைப்பையில் இருந்திருக்கும். அதற்கு மேல் எப்போதும் பிளாஸ்டிக் ஏப்ரன். ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஒடிசலான உடம்பு, அதற்குப் பொருந்தாத பெரிய கைகள். கழுவிக் கழுவி அந்தக் கைகள் கோடைக்கால வயல்போல வெடித்திருந்தன. குழாயைக் கையால் தொட்டு நான் பார்த்ததில்லை. முழங்கையால் திறப்பார், முழங்கையால் மூடுவார். கதவை இடுப்பால் தள்ளுவார். கழுவிய கையை நெஞ்சுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் உள்ளே வரும்போது ஏதோ சாமிக்கு ஆரத்தி எடுக்கப்போகிற மாதிரி இருக்கும். சாமி, நரம்பை அறுத்துத் தைத்திருந்த என் தொடை இடுக்கு.

அவரிடம் ஒரு சட்டம் உண்டு. திறந்த புண்ணுக்கு மேல் யாரும் பேசக்கூடாது.

நோயாளி பேசக்கூடாது, கூட வந்தவர் பேசக்கூடாது, அவரும் பேசமாட்டார். புண்ணைத் திறப்பதற்கு முன் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவார். மூடிப் பிளாஸ்திரி ஒட்டிய பிறகு மீதியைச் சொல்வார். நடுவில் புருவமும் முழங்கையும்தான். வாயிலிருந்து தெறிக்கிற எச்சில் கண்ணுக்குத் தெரியாது, புண்ணுக்குத் தெரியும் என்பது அவர் கட்சி. மின்விசிறியும் கூடாது. அந்த அறையின் ஃபேன் சுவிட்சுக்கு மேல் பெருக்கல் குறி மாதிரி பிளாஸ்திரி ஒட்டி வைத்திருந்தார். தஞ்சாவூர்ச் சித்திரையில், காற்று இல்லாத அறையில், வாயை மூடிக்கொண்டு, காலைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருப்பது என்னைப்போல ஒரு வாயாடிக்கு என்ன தண்டனை என்று நினைத்துப் பாருங்கள். எனக்குப் பயம் வந்தால் வாய் ஓடும். வாயைப் பிடித்துவிட்டால் பயம் எங்கே போகும்? உள்ளேயே சுற்றிச் சுற்றி வரும், கூண்டில் போட்ட எலி மாதிரி.

ஆபரேஷனுக்கு முன்னால் அவர்தான் என் காலுக்கு மருந்து பூசினார். இடுப்பிலிருந்து கால் விரல் வரை பழுப்பு நிறத்தில் ஒரு பூச்சு. நான் என்னைக் குனிந்து பார்த்து, சிஸ்டர், ஒரு கால் மட்டும் வறுத்தாச்சு, மறுகால் எப்போ என்றேன். அவர் சிரிக்கவில்லை. முழங்கையைத் தன் வாய்க்கு நேராகத் தூக்கிக் காட்டினார். பூசி முடித்துவிட்டு நகராமல் நின்றார். ஏன் நிற்கிறார் என்று புரியவில்லை. சுவரில் தினசரி காலண்டர் ஒன்று தொங்கியது, ராசிபலன் போட்டது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மேஷம் நன்மை, ரிஷபம் அலைச்சல், மிதுனம் வரவு என்று மீனம் வரை போய், மறுபடி மேஷத்துக்கு வந்து, இரண்டாவது சுற்று முடிந்த பிறகுதான் என் காலைப் பார்த்தார்.

பிற்பாடு கேட்டேன். மருந்து பூசினால் போதாது, அது தானாகக் காய வேண்டும், காய்கிற நேரத்தில்தான் அது வேலை செய்கிறது என்றார். துடைக்கக்கூடாது, விசிறக்கூடாது, ஊதக்கூடாது. அந்த நேரத்தைக் கணக்கு வைக்கத்தான் பன்னிரண்டு ராசியும் இரண்டு தடவை.

"உங்க ராசி என்ன சிஸ்டர்?" என்றேன்.

"தெரியாதுங்க. எங்க அம்மாவுக்கு நான் பொறந்த நேரம் நினைவில்லை. நடவு நட்டுக்கிட்டிருந்தாங்க."

நாகப்பட்டினம் பக்கம் ஏதோ ஊர். அவருடைய அம்மாவுக்கு நடவுக் காலம் முழுக்கச் சேற்றுப்புண். சாயங்காலம் காலைக் கழுவிக் காய வைத்தால், காய்வதற்குள் மறுநாள் விடிந்துவிடும், திரும்பவும் சேறு. "அவங்க கால் காஞ்சு நான் பார்த்ததே இல்லைங்க" என்றார். அதற்கு மேல் தன்னைப் பற்றி அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்தச் சட்டத்துக்கு டாக்டரும் தப்பவில்லை. இரண்டாம் நாள் என் கட்டைப் பிரித்தபோது டாக்டர் வந்து குனிந்து பார்த்தார். செல்போன் அடித்தது. எடுத்துப் பேச ஆரம்பித்தார். சிஸ்டர் ஒரு துணியை எடுத்து என் புண்ணை மூடிவிட்டுக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். டாக்டர் வீடு கட்டிக்கொண்டிருந்தார் போல; டைல்ஸ் பற்றிப் பேச்சு. வெள்ளையா சந்தனமா என்று முடிவாகிற வரைக்கும் என் தொடை திரைக்குப் பின்னால் காத்திருந்தது. போனை வைத்துவிட்டு டாக்டர் ஒரு மாதிரி பார்த்தார். சிஸ்டர் துணியை எடுத்தார். அவ்வளவுதான். அது டாக்டருக்குப் பிடிக்கவில்லை என்று எனக்கே தெரிந்தது.

அன்றைக்கு எனக்கு முன்னால் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அரிவாள் பட்ட கை. ரத்தம் நிற்கட்டும் என்று அரைப் பொட்டலம் காப்பித்தூளை அப்பிக்கொண்டு வந்திருந்தார். சிஸ்டர் ஒரு வார்த்தை திட்டவில்லை. உப்புத் தண்ணீரை விட்டு விட்டு, ஒவ்வொரு பொடியாகக் கழுவி எடுத்தார். முக்கால் மணி நேரம். வெளியே பெஞ்சில் நான் என் மனைவியிடம், டிகாஷன் இறங்குது பாரு என்று சொல்லிச் சிரித்தேன். படிக்காதவர்கள் செய்கிற வேலை என்றும் சொன்னேன். அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

என் விஷயத்துக்கு வருகிறேன். அந்த இரண்டாம் நாள் கட்டு மாற்றியதில் எனக்கு ஒரு பெரிய ஏமாற்றம். நான் பல்லைக் கடித்துக்கொண்டு எரிச்சலுக்குத் தயாராக இருந்தேன். அவர் பஞ்சை நனைத்து, தையலின் நடுவிலிருந்து வெளியே ஒரே ஒரு இழுப்பு. பஞ்சைத் தூக்கிப் போட்டார். மேஷம் முதல் மீனம் இரண்டு தடவை. மூடிவிட்டார். எரியவே இல்லை. இவ்வளவுதானா? இதற்கா இத்தனை ஆரத்தி? மருந்தை மிச்சம் பிடிக்கிறார்கள் என்று எனக்குள் ஒரு சந்தேகம் விழுந்தது.

பிளாஸ்திரி ஒட்டிவிட்டு அவர் சொன்னார்: "திங்கட்கிழமை வாங்க. அதுவரைக்கும் இதைத் தொடாதீங்க. எதுவும் போடாதீங்க. காய்ச்சல் வந்தா, சீழ் வந்தா உடனே வாங்க. இல்லேன்னா சும்மா இருங்க. உங்களுக்கு அதுதான் கஷ்டம்."

வீட்டுக்கு வந்தேன். தொடையிலிருந்து பாதம் வரை இறுக்கிய கட்டு. நிற்கக்கூடாது, காலைத் தொங்கப்போடக்கூடாது, நனைக்கக்கூடாது. மணிக்கொரு தரம் பத்து நிமிஷம் நடக்க வேண்டும். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் நான் செக்கு மாடு மாதிரி போய்வந்தேன். மீதி நேரம் இரண்டு தலையணைமேல் காலை ஏற்றி, மேலே விட்டத்தைப் பார்த்துப் படுக்கை. கட்டுக்குள் வியர்வை. வியர்வைக்குள் அரிப்பு. அரிப்புக்குள் எறும்பு ஊர்கிறதா, கிருமி ஊர்கிறதா என்று ஆராய்ச்சி. என் வீட்டு ஜன்னலில் எத்தனை கம்பி என்று இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாது. பதினேழு.

சனிக்கிழமை என் சகலை சீர்காழியிலிருந்து பார்க்க வந்தார். மனைவியின் அக்கா வீட்டுக்காரர். ஆறுதல் சொல்ல வருகிறவர்களில் இரண்டு வகை. இவர் மூன்றாவது வகை. ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எங்க தெருவுல ஒருத்தருக்கு இதே ஆபரேஷன் சகல. இதே இடது கால். இடுக்குல சின்னதா செவந்துச்சு. ஒண்ணுமில்லைன்னு விட்டுட்டாரு."

"அப்புறம்?"

"அதை எதுக்கு இப்ப. நீங்க பழத்தைச் சாப்பிடுங்க."

அப்புறம் என்ன என்பதை அவர் கடைசிவரை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பிழைத்திருப்பேன். அவர் பஸ் ஏறிப் போனதும் அந்த அப்புறத்தை நானே கட்டி முடித்தேன். கால் கறுத்தது, முழங்காலுக்கு மேல் எடுத்தார்கள், கடைக் கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூலில் ஒற்றைக் காலோடு உட்கார்ந்து நான் டேங்குக்கு ரெண்டு மூடி என்கிறேன். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

மனைவி கொடியில் துணி காயப்போட மாடிக்குப் போன நேரம். குளியலறையில் ஒரு பாட்டில் இருந்தது. தண்ணீரில் விட்டால் பாலாக மாறுமே, தரை துடைக்க, ஷேவிங் காயத்துக்கு என்று எல்லார் வீட்டிலும் இருக்குமே, அது. தண்ணீரில் கலந்துதான் போட வேண்டும் என்று பாட்டிலிலேயே எழுதியிருந்தது. மருந்து டப்பாவில் எழுதியிருப்பதைப் படிங்க என்று ஊருக்கே உபதேசம் செய்கிறவன் நான். படித்தேன். அது சாதாரணக் காயத்துக்கு என்று முடிவு செய்தேன். இடுக்குப் பிளாஸ்திரியைப் பாதி உரித்து, அப்படியே ஊற்றினேன்.

எரிந்தது. ஆகா, இதுவல்லவா மருந்து. பதினேழு ஜன்னல் கம்பியும் முப்பத்து நாலாகத் தெரிந்தன. ஊறட்டும் என்று பஞ்சை நனைத்து வைத்துப் பிளாஸ்திரியைத் திரும்ப அமுக்கினேன். ஞாயிற்றுக்கிழமை எரிச்சல் குறைந்த மாதிரி தெரிந்தது, கிருமி திரும்ப எழுந்துவிட்டதோ என்று இன்னொரு தடவை.

திங்கட்கிழமை கட்டைப் பிரித்தபோது இடுக்கெல்லாம் தக்காளி நிறம். அங்கங்கே கொப்புளம், உடைந்து நீர் வடிந்தது. சிஸ்டர் குனிந்து பார்த்தார். மாஸ்க்குக்கு மேலே அவர் மூக்கு ஒரு தடவை சுருங்கியது. டாக்டரைக் கூப்பிட ஆள் அனுப்பினார். டாக்டர் வந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இந்த மாசத்துல இது ரெண்டாவது, சிஸ்டர்."

என் பயம் அதுவரை உள்ளே சுற்றிக்கொண்டிருந்ததல்லவா, அப்போது வாய் வழியாக வெளியே வந்தது. நான் சொன்னேன்: "சார், நான் அன்னிக்கே பார்த்தேன். ஒரே ஒரு தடவைதான் தொடைச்சாங்க. எரியக்கூட இல்ல. எனக்கு அப்பவே சந்தேகம்."

டாக்டர் சிஸ்டரைப் பார்த்தார். அவர் பதில் சொல்வார் என்று காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. ஒரு குச்சியில் பஞ்சைச் சுற்றி வடிந்த நீரைத் தொட்டு எடுத்துக் குழாயில் போட்டு மூடினார், லேபுக்கு. உப்புத் தண்ணீரால் கழுவ ஆரம்பித்தார். கேள்வி அறையில் அப்படியே நின்றது. பதில் இல்லாததால்தான் பேசவில்லை என்று டாக்டர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். புண் திறந்திருந்தது என்பது இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. டாக்டர் மாத்திரை எழுதப் பக்கத்து அறைக்குப் போனார்.

சிஸ்டர் அவசரப்படவில்லை. கழுவினார். காய விட்டார். களிம்புத்துணி வைத்து மூடினார். கடைசிப் பிளாஸ்திரியை ஒட்டி விரலால் நீவிவிட்டு, மாஸ்க்கை இறக்கினார்.

"எத்தனை மூடிங்க?"

எனக்குப் புரிந்துவிட்டது. புரியாத மாதிரி, எது என்றேன்.

"வாசனை வருதுங்க."

"ஒண்ணு."

அவர் பேசாமல் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷமாக நான் பார்க்கிற பார்வை.

"மூணு இருக்கும்" என்றேன்.

வாசலில் நின்ற என் மனைவி சொன்னாள்: "பாதி பாட்டில், சிஸ்டர். காலி ஆயிருந்துச்சு. பாத்ரூமைக் கழுவி விட்டிருக்காருன்னு நான் சந்தோஷப்பட்டேன்."

சிஸ்டர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. காப்பித்தூள்காரரைக் கழுவிய அதே முகம். கையுறையைக் கழற்றிக்கொண்டே, "டாக்டர்ட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா தப்பிக்கறதுக்குச் சொல்ற மாதிரி இருக்கும்" என்றார். சொல்கிறேன் என்றேன். மனைவி ஆட்டோ பார்க்கக் கீழே போனாள். சிஸ்டர் அடுத்த ஆளுக்காகக் கை கழுவப் போனார். டாக்டர் சீட்டோடு வந்தார்.

எனக்கு அங்கே எல்லாச் சௌகரியமும் இருந்தது. புண் மூடியிருந்தது. பேசலாம். வாயைத் திறந்தேன். "சார்" என்றேன். டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். ஐம்பது வயசு, உரக்கடை, ஊருக்கெல்லாம் டோஸ் சொல்கிற மனுஷன், பாதி பாட்டில்.

"சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டேன்.

பின்னாடி என்றார்.

ஆட்டோவில் மனைவி, சொல்லிட்டீங்களா என்று கேட்டாள். சொல்லிட்டேன் என்றேன்.

வியாழக்கிழமை திரும்பப் போனபோது, கீழே சீட்டு எழுதுகிற மேஜையில் சிஸ்டர் உட்கார்ந்திருந்தார். ஏப்ரன் இல்லை. அந்தப் பெரிய கையில் ஒரு சின்னப் பேனா. என் பெயரை எழுதி, வயசைக் கேட்டு எழுதி, சீட்டை நீட்டி, "மாடிக்குப் போங்க" என்றார். அவ்வளவுதான். அன்றைக்கும் சட்டைப்பைப் பட்டையில் பெயரைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மாடியில் வேறொரு பெண். நல்ல பெண். சுவிட்சின் பிளாஸ்திரியைப் பிய்த்துவிட்டு ஃபேனை முழு வேகத்தில் வைத்திருந்தாள். காலண்டர் தாள்கள் படபடவென்று அடித்துக்கொண்டன. என் புண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, என் மனைவியிடம் சேலை எங்கே எடுத்தீங்க, எந்தக் கடையில் தள்ளுபடி என்று குனிந்தபடியே பேசினாள். ஒவ்வொரு வார்த்தையும் என் தொடைமேல் வந்து விழுவது எனக்குத் தெரிந்தது. எழுந்து ஓட முடியாது. கத்த முடியாது, கத்தினால் என் எச்சிலும் சேர்ந்து விழும். வாயைக் கையால் பொத்திக்கொண்டு மறுகையால் ஃபேனைக் காட்டினேன். வியர்க்குதா சார், இதுக்கு மேல வேகம் இல்லையே என்றாள். பழுப்பு மருந்தைப் பூசிவிட்டு, காய்வதற்குக் குனிந்து ஊதினாள்.

மூடி முடித்தாளோ இல்லையோ, டாக்டரைக் கூப்பிடுங்க என்றேன். என்ன ஏது என்று ஓடி வந்தார். அவர் வருவதற்குள் நகைச்சுவையாகச் சொல்ல ஒன்றைத் தயார் செய்து வைத்திருந்தேன். அது வரவில்லை.

"நான்தான் சார் ஊத்தினேன். தண்ணி கலக்காம. ரெண்டு நாளும்" என்றேன். என் மனைவி என்னைப் பார்த்ததை இங்கே எழுதப்போவதில்லை.

 இதைத் திங்கட்கிழமையே சொல்வதற்கு என்ன என்று டாக்டர் கேட்டார்.  கீழே போனார்.

அடுத்த கட்டுக்குப் போனபோது சுவிட்சின்மேல் புதுப் பிளாஸ்திரி இருந்தது. சிஸ்டர் இடுப்பால் கதவைத் தள்ளிக்கொண்டு, கையைத் தூக்கிப் பிடித்தபடி வந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் கட்டைத் திறந்துவிட்டார். ஒரு இழுப்பு. பஞ்சைப் போட்டார். காலண்டரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மேஷத்திலிருந்து மீனம் வரை, இரண்டு தடவை. மூடியபின் அவர் சொன்னது, தையலை வெள்ளிக்கிழமை பிரிக்கலாம் என்பது மட்டும்.

லேபிலிருந்து தாள் வந்தது. கிருமி எதுவும் இல்லை. என் காலில் எந்த நாளும் சீழ் பிடிக்கவில்லை. தோல் வெந்திருந்தது, பதினாறு நாளில் ஆறியது. வேகவைத்தது நான். அதைச் சொன்னது நான்காம் நாள். அதுவரை மூன்று நாள் அவர் கீழே உட்கார்ந்து சீட்டு எழுதினார்.